பெரியண்ணனும் சின்னண்ணனும்: ஊழியத்தில் சமபங்கு என்றால் என்ன?





இந்த மடலை ஒரு நண்பரின் கடிதத்திலிருந்து தொடங்குகிறோம். அவர் வெளிநாட்டில் வேலை செய்கிறவர். பல ஆண்டுகளாக எங்கள் மருத்துவமனையை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வருகிறவர். தாம் ஆராதிக்கும் சபையில் பாரூர் கிராமப் பணியைப் பற்றிச் சொல்லி, அங்குள்ள சகோதர சகோதரிகளிடம் ஒரு தொகையைத் திரட்டினார். பாரூரில் நாங்கள் வாரம் ஒருமுறை நடத்தும் கிளை மருந்தகத்துக்கு நல்ல கட்டடம் ஒன்று கட்ட வேண்டும், வாசலில் அச்சபையின் பெயர் பொறித்த கல் ஒன்று பதிக்க வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம்.

"ஸ்தோத்திரம், உடனே தொடங்குகிறோம்" என்று நாங்கள் எழுதியிருக்கலாம். அப்படி எழுதவில்லை. "ஊராரைக் கேட்டுவிட்டு எழுதுகிறோம்" என்று பதில் போட்டோம். கேட்டபோது, கட்டடம் வேண்டும் என்று சொன்னவர்கள் மிகச் சிலரே. பெண்கள் சொன்னது வேறு. "நீங்கள் காலையில் வந்து மதியம் போய்விடுகிறீர்கள். நாங்கள் வயலிலிருந்து வரும்போது கதவு பூட்டியிருக்கிறது. சாயங்காலம் வாருங்கள். எங்கள் கஷ்டத்தை உட்கார்ந்து கேட்க ஒரு நர்ஸம்மா இருந்தால் போதும். கட்டடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள்.

மாலை மருந்தகம் என்றால் ஒரு நர்ஸின் சம்பளம், வண்டிக்கு டீசல், விளக்கு, மருந்து. கல்லில் பொறிக்க முடியாத செலவுகள். இதை நண்பருக்கு எழுதினோம். அவர் மனம் வருந்திப் பதில் எழுதினார். "கட்டடம் என்று சொல்லித்தான் இங்கே பணம் வாங்கினேன். இப்போது அவர்களிடம் நான் என்ன சொல்வது? கொடுக்கிறவனுக்கு ஒரு சொல்லும் இல்லையா?" என்று கேட்டிருந்தார்.

இது நியாயமான கேள்வி. அவர் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதி முடிக்கிற விஷயமும் அல்ல. பணம் ஒரு நாட்டிலிருந்தும், தேவை இன்னொரு நாட்டிலும் இருக்கும்போது, இருவரும் எப்படிச் சமமாக நிற்பது? அந்தப் பதிலை நண்பர்களாகிய உங்கள் எல்லாரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

திருப்பத்தூரில் இரண்டு அண்ணன்மார்

இந்தக் கேள்விக்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து மாவட்டமான திருப்பத்தூரில் 1921-ஆம் ஆண்டு கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் அவ்வூர் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. புராட்டஸ்டண்டுச் சபைகளைச் சேர்ந்தவர்கள் இந்தியாவில் அமைத்த ஆசிரமங்களில் முதலாவது என்று அதைச் சொல்லுகிறார்கள். அதைத் தொடங்கியவர்கள் இரண்டு மருத்துவர்கள். ஒருவர் தமிழரான டாக்டர் சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்து தேசத்தவரான டாக்டர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். பிரிட்டனில் மருத்துவம் படித்த காலத்தில் இவர்களிடையே உண்டான நட்பு, சாகும்வரை நீடித்தது.

பேட்டன் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. ஸ்காட்லாந்தில் அலோவா என்னும் ஊரில் கம்பளி நூல் ஆலைகள் நடத்திய குடும்பம் அது. ஆசிரமத்துக்கு வேண்டிய பணத்தில் பெரும்பங்கு அவர் மூலமாக வந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி பார்த்தால், வெள்ளைக்காரரும் பணக்காரருமான அவர்தான் தலைவராக இருந்திருக்க வேண்டும். ஜேசுதாசன் அவருக்கு உதவியாளராக இருந்திருக்க வேண்டும். அன்றைய மிஷன்களில் அதுவே நடைமுறை. ஒரே படிப்புப் படித்த இரண்டு மருத்துவர்களில், கடல் கடந்து வந்தவருக்கு ஒரு ஸ்தானம், உள்நாட்டவருக்கு அதற்குக் கீழான ஸ்தானம். சம்பளமும் வீடும் அதற்கேற்றபடியே அமையும்.

திருப்பத்தூரில் நடந்தது அதற்கு நேர்மாறானது. ஜேசுதாசன் 1882-லும் பேட்டன் 1891-லும் பிறந்தவர்கள். ஒரு குடும்பத்தில் மூத்தவன்தானே அண்ணன்? ஆகவே ஜேசுதாசன் எல்லாருக்கும் "பெரியண்ணன்" ஆனார். பேட்டன் "சின்னண்ணன்" ஆனார். குடும்ப முறையை நிர்ணயித்தது பணப்பை அல்ல, வயது. கிறிஸ்துகுலம் என்ற பெயருக்கே கிறிஸ்துவின் குடும்பம் என்பதுதானே பொருள்! பெயரளவில் மட்டும் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. இருவரும் கதர் உடுத்தினார்கள். தரையில் அமர்ந்து நம் நாட்டு மரக்கறி உணவை உண்டார்கள். தமிழில் ஜெபித்தார்கள். திருமணமின்றி வாழ்ந்தார்கள். ஏழைகளுக்கு வைத்தியம் செய்தார்கள். 1933-ஆம் ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பட்ட ஜெபாலயத்தை நம் கோவில்களைப்போலக் கோபுரத்தோடும் கல்தூண்களோடும் கட்டினார்கள். அது இன்றும் நிற்கிறது.

சின்னண்ணனுக்கு இதனால் இழப்பு இல்லாமல் போகவில்லை. 1932-ல் சென்னையில் அந்நியத் துணிக் கடைகளுக்கு முன்பாக மறியல் நடந்த நாட்களில், கதர் அணிந்து நின்ற அவரைப் போலீஸார் தடியால் அடித்தார்கள், சாயத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரைக்கும் அந்தச் செய்தி போயிற்று. யாரோடு சேர்ந்து வாழ்ந்தாரோ, அவர்கள் வாங்கிய அடியில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

நண்பர்களே, இந்த இருவரிடமும் நாங்கள் கற்றுக்கொள்வது ஒன்றுதான். பணம் கொண்டுவந்தவர் சின்னண்ணனாயிருக்கச் சம்மதித்தார். அவர் கொடுத்ததை நிறுத்தவுமில்லை, கருத்துச் சொல்வதை விட்டுவிடவுமில்லை. ஆனால் கொடுத்த காரணத்தினால் மூத்தவன் ஸ்தானம் தமக்கு வரவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. சமபங்கு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

எடின்பரோவில் ஒரு தமிழர்

கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்குவதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே, இதே விஷயத்தை உலகத்தின் முன்பாகத் துணிந்து பேசினவர் ஒரு தமிழர். 1910-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. சுமார் 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். ஆசியாவிலிருந்து வந்திருந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் கிராமத்தில் 1874-ல் பிறந்தவர்.

மிஷனெரிமார்களுடைய தியாகத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் தங்கள் உடைமைகளையும் உயிரையும் கொடுத்ததற்காக நன்றி சொன்னார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. எஜமானும் வேலைக்காரனும் என்ற உறவு போதாது, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். கேட்டவர்களில் பலருக்கு அந்தப் பேச்சு கசந்தது. ஆனாலும் அந்த மாநாட்டில் பேசப்பட்டவைகளில் இன்றுவரை அதிகமாக நினைவுகூரப்படுவது அதுவே. 1912-ல் அவர் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே.

அசரியாவைப் பற்றி இன்னொன்றையும் நாம் மறக்கக்கூடாது. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாயிருந்தவர்களில் அவர் முக்கியமானவர். இந்தியரின் பணம், இந்திய ஊழியர், இந்தியரின் நிர்வாகம் என்பது அச்சங்கத்தின் கொள்கை. அவர்கள் ஊழியத்துக்குத் தெரிந்துகொண்ட இடமோ தெலுங்கு நாடு. தமிழர்களாகிய நாமும் வேறொரு மொழி பேசும் ஜனங்களிடம் அந்நியராய்ப் போனவர்கள்தான். அசரியா தாமே தெலுங்கு கற்றுக்கொண்டு, தெலுங்கு மக்கள் நடுவிலே வாழ்ந்து, அங்கேயே 1945 ஜனவரி முதல் தேதியன்று காலமானார். எஜமானாக வராதீர்கள் என்று வெள்ளையரிடம் சொன்னவர், தாமும் எஜமானாகப் போகாதபடி கவனமாயிருக்க வேண்டியவராயிருந்தார்.

கைமாற எடுத்த காலம்

நல்ல எண்ணம் இருந்தால் சமநிலை தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

நம் கிருஷ்ணகிரியிலேயே 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபையின் மிஷனெரியான தியோடர் நேதர் ஊழியத்தைத் தொடங்கினார். அந்த ஊழியத்திலிருந்து உண்டான இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை, தன்னைத் தானே ஆளும் சபையாக அமைந்தது 1950-களின் இறுதியில்தான். அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1940-களின் இறுதியில், டாக்டர் ஹில்டா லாசரஸ் அந்த நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். வேலூரில் கைமாற்றம் சீக்கிரம் நடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே தொடக்கத்திலிருந்தே இந்தியப் பெண்களை மருத்துவர்களாக உருவாக்கினார்கள். தகுதியுள்ளவர்கள் கையருகே இருந்தார்கள்.

உலக அளவிலும் இந்தப் பாடம் மெதுவாகத்தான் கற்கப்பட்டது. சேலம் வட்டாரத்தில் நெடுங்காலம் ஊழியம் செய்த லண்டன் மிஷனெரி சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1795-ல் தொடங்கிய அச்சங்கத்தின் வழிவந்த உலக மிஷன் கவுன்சில், 1977-ல் தன் அமைப்பையே மாற்றிக்கொண்டது. அதற்குமுன் லண்டனில் முடிவெடுத்து மற்ற தேசங்களுக்கு அனுப்பினார்கள். அதன்பின், முன்பு பெற்றுக்கொண்டிருந்த சபைகளும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்து, பணத்தையும் ஊழியரையும் எங்கே அனுப்புவது என்று சேர்ந்து தீர்மானிக்கத் தொடங்கின. எல்லாச் சபைகளும் கொடுக்கலாம், எல்லாச் சபைகளும் பெறலாம். மனதில் அன்பு இருந்தது மட்டும் போதவில்லை. யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதையும் மாற்ற வேண்டியிருந்தது.

நாங்கள் செய்த தவறுகள்

மற்றவர்களைப் பற்றி எழுதுவது எளிது. எங்களைப் பற்றியும் எழுத வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு அன்பர்கள் சிலர் எங்களுக்கு ஒரு பெரிய மருத்துவ இயந்திரத்தை அனுப்பினார்கள். எங்களுக்கு அது வேண்டுமா என்று அவர்கள் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கும் தைரியம் வரவில்லை. கொடுக்கிறவர்கள் மனம் நோகுமே, அடுத்த வருஷம் கொடுக்காமல் போவார்களோ என்று பயந்தோம். நம் ஊர் மின்சாரத்துக்கு அது ஒத்துவரவில்லை. உதிரி பாகமும் இங்கே கிடைக்கவில்லை. கடைசியில் அது ஒரு அறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. நாங்களோ அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து, நன்றிக் கடிதம் அனுப்பினோம். அந்தக் கடிதம் பொய்யல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. நண்பர்களாயிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்போம். பயந்ததினால் சொல்லவில்லை.

அதே தவறை நாங்கள் பாரூர் பக்கத்து மக்களுக்கும் செய்தோம். முதல் கண் பரிசோதனை முகாமுக்கு எங்களுக்கு வசதியான ஒரு நாளைக் குறித்து, நோட்டீஸ் அச்சடித்து, பந்தல் போட்டு உட்கார்ந்தோம். வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள். ஜனங்களுக்கு ஆரோக்கியத்தில் அக்கறை இல்லை என்று பேசிக்கொண்டே திரும்பினோம். பிறகுதான் தெரிந்தது, அன்றைக்கு ஊரே போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போயிருந்தது. மா அறுவடைக் காலமாகவும் இருந்தது. ஏரிக்கரை டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை.

ஊராரைக் கேட்கத் தொடங்கிய பிறகும் ஒரு தவறு செய்தோம். கூட்டம் என்று அழைத்தபோது நிலமுள்ளவர்களும் ஆண்களும் வந்தார்கள். ஊர் சம்மதித்துவிட்டது என்று எழுதிக்கொண்டோம். காலனியிலிருந்து ஒருவரும் வரவில்லை என்பதை எங்கள் கிராம சுகாதாரப் பணியாளர்தான் எடுத்துச் சொன்னார். காலனியும் ஊர்தானே? இப்போது காலனியில் ஒரு கூட்டம், பெண்களுக்கு ஒரு கூட்டம், அதன் பிறகே பொதுக்கூட்டம். அதிக நாள் பிடிக்கிறது. ஆனால் மாலை மருந்தகம் வேண்டும் என்ற சொல் அந்தப் பெண்கள் கூட்டத்தில்தான் முதலில் எழும்பியது.

இப்போது நாமே அந்த இடத்தில்

மிஷனெரி என்றால் வெள்ளைக்காரர், பெற்றுக்கொள்கிறவர் என்றால் நாம் என்ற காலம் மாறிவிட்டது. நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தைப் பாருங்கள். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதுவும் என்றைக்கும் இங்கே கேட்கும். இப்போது சிப்காட் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு முன்பாக நாம்தான் பெரிய இடத்தில் இருக்கிறோம். மொழி நம்முடையது, மருத்துவமனை நம்முடையது, நாற்காலியும் நம்முடையது.

காசநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு வடநாட்டு இளைஞர் பாதியிலே வராமல் போனார். சாதாரணக் காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் தவறாமல் மருந்து சாப்பிட வேண்டும். பாதியில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறக்கூடும், மற்றவர்களுக்கும் பரவும். அவருக்குப் பொறுப்பில்லை என்று பதிவேட்டில் எழுதும் நிலையில் இருந்தோம். எங்கள் பணியாளர் அவர் தங்கியிருந்த இடத்துக்குப் போய் விசாரித்தார். மருந்து வாங்கும் நேரமும் அவருடைய ஷிப்ட் நேரமும் ஒன்றாயிருந்தன. விடுப்பு எடுத்தால் கூலி இல்லை. நாங்கள் சொன்ன அறிவுரையும் அவருக்குப் பாதிதான் விளங்கியிருந்தது. அவருடைய அறையில் தங்கியிருந்த, அவர் மொழி பேசும் ஒருவர், மருந்து கொடுத்து உடனிருந்து பார்த்துக்கொள்ள முன்வந்தார். சிகிச்சை முடிந்தது. அரசாங்கத்தின் காசநோய்த் திட்டம் அப்படிப்பட்ட துணையாளருக்கு இடம் கொடுக்கிறது. நாங்கள்தான் தேடவில்லை.

இன்று அந்தத் துணையாளர் எங்களுக்கு நோயாளியின் நண்பர் மட்டுமல்ல. தொழிலாளர் குடியிருப்புகளில் முகாம் நடத்துவதைப் பற்றிப் பேசும்போது அவரும் எங்களோடு உட்காருகிறார். நாங்கள் குறிக்கிற நேரத்தை, "அந்த நேரத்தில் ஒருவரும் வரமாட்டார்கள்" என்று அவர் தடுத்ததும் உண்டு.

சமம் என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதா?

சிலர் இப்படிக் கேட்கிறார்கள். "ஊரார் சொல்வதெல்லாம் சரியா? கொடுக்கிறவர்கள் கணக்குக் கேட்கக்கூடாதா?"

ஊரார் சொல்வதெல்லாம் சரியல்ல. கைகால் வலிக்கெல்லாம் குளுக்கோஸ் ஏற்றச் சொல்கிறார்கள். ஊசி போடாவிட்டால் வைத்தியமே இல்லை என்று நினைக்கிறார்கள். தேவையில்லாதபோது நாங்கள் போடுவதில்லை. ஏன் போடவில்லை என்பதை உட்கார்ந்து விளக்குகிறோம். கோபித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. மரியாதை என்பது கேட்டதையெல்லாம் கொடுப்பது அல்ல. நமக்குத் தெரிந்த உண்மையை மறைக்காமல் சொல்வதும் மரியாதைதான்.

கணக்கும் அப்படியே. நீங்கள் கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கணக்கு ஒரு பக்கம் மட்டும் போகக்கூடாது. எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதை இப்போது பாரூர் மருந்தகச் சுவரிலும் ஒட்டுகிறோம். தங்கள் பெயரில் வாங்கப்பட்ட பணம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கும் உரிமை உண்டல்லவா?

வேதமும் இதையே காட்டுகிறது. எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்தியரிடம் காணிக்கை கேட்டபோது, பவுல் அதைத் தர்மம் என்று விளக்கவில்லை. ஒருவருடைய மிகுதி மற்றவருடைய குறைவை நிரப்பி, இரண்டு பக்கமும் சமநிலை உண்டாவதைப் பற்றியே எழுதினார். அந்தக் காணிக்கையைக் கொண்டுபோகச் சபைகள் தெரிந்துகொண்ட ஆட்களையும் கூட அனுப்பினார். ஆண்டவர் தாமும் சமாரியப் பெண்ணிடம் பேசத் தொடங்கியபோது, முதலில் கொடுக்கவில்லை, அவளிடம் தண்ணீர் கேட்டார். யூதர் கைநீட்டி வாங்காத பாத்திரத்திலிருந்து அவர் குடிக்க விரும்பினார். எங்கள் பணியாளர்கள் பாரூர்ப் பக்கத்து வீடுகளில் கொடுக்கிற மோரையோ கேழ்வரகுக் களியையோ மறுக்காமல் வாங்கிக்கொள்வது வெறும் உபசாரத்துக்காக அல்ல. பெற்றுக்கொள்ளத் தெரியாதவன் கொடுக்கும்போது எஜமானாகிவிடுகிறான்.

நாங்கள் கேட்டுக்கொள்ளும் ஐந்து கேள்விகள்

எந்தக் காணிக்கையை ஏற்குமுன்னும், எந்த வேலையைத் தொடங்குமுன்னும், எங்கள் குழுவில் இந்தக் கேள்விகளைக் கேட்கிறோம். உங்கள் சபைகளிலும் சங்கங்களிலும் இவை உதவக்கூடும்.

1. இந்தத் திட்டத்தை முதலில் சொன்னது யார்? பயனடைய வேண்டியவர்கள் சொன்னதா, நாம் நினைத்ததா?

2. முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்களா? பெண்களும் காலனி மக்களும் வேற்று மொழிக்காரரும் பேசினார்களா?

3. "வேண்டாம்" என்று சொன்னால் அவர்களுக்கு நஷ்டம் வருமா? வரும் என்றால் அவர்களுடைய "சரி" உண்மையான சரி அல்ல.

4. நாம் அச்சிடும் படத்தையும் செய்தியையும் அவர்கள் பார்த்தால் வெட்கப்படுவார்களா? இம்மடலில் அழுகிற குழந்தைகளின் படங்கள் ஏன் வருவதில்லை என்று சில நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். படம் எடுக்குமுன் அனுமதி கேட்கிறோம். அச்சிடுமுன் மறுபடியும் காட்டுகிறோம். பலர் சிரித்த முகமாகவே வரவேண்டும் என்கிறார்கள்.

5. ஐந்து ஆண்டு கழித்து இதை நடத்தப்போவது யார்? அவர்களுக்கு இன்றே பயிற்சி கொடுக்கிறோமா?

நண்பருக்கு நாங்கள் எழுதிய பதில்

வெளிநாட்டிலிருக்கும் நம் நண்பருக்கு இவைகளையெல்லாம் சுருக்கமாக எழுதி, கடைசியில் ஒரு வேண்டுகோளையும் வைத்தோம். "ஊருக்கு வரும்போது பாரூருக்கு வாருங்கள். கட்டடம் வேண்டாம் என்று சொன்னவர்களிடம் நீங்களே கேளுங்கள். உங்கள் கருத்தையும் சொல்லுங்கள். உங்களுக்கும் அங்கே ஒரு சொல் உண்டு."

அவர் வந்தார். பள்ளிக்கூடத் திண்ணையில் அந்தப் பெண்களோடு உட்கார்ந்தார். தமக்குத் தோன்றியதைத் தயக்கமின்றிச் சொன்னார். மழை நாளில் நோயாளிகள் எங்கே நிற்பார்கள் என்று கேட்டார். அது அவர்களும் நாங்களும் யோசிக்காத விஷயம். அவர்களும் அவரிடம் கேள்வி கேட்டார்கள். உங்கள் சபையில் உள்ளவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு என்ன கஷ்டம், அவர்கள் வீட்டுப் பெரியவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்தார்கள். அங்கே முதியவர்கள் பலர் தனிமையில் இருப்பதைக் கேட்டு ஒரு பாட்டியம்மாள் மிகவும் வருத்தப்பட்டார். தங்களுக்காக ஒருவர் இப்படி வருத்தப்பட்டதை அந்தச் சபையார் கேட்டபோது மனம் நெகிழ்ந்ததாக அவர் பின்னர் எழுதினார்.

முடிவில் ஒரு தகரக் கூரைத் தாழ்வாரம் போடவும், மாலை மருந்தகத்துக்கு இரண்டு ஆண்டு நர்ஸின் சம்பளத்துக்கும் அந்தக் காணிக்கையைப் பயன்படுத்த எல்லாரும் சம்மதித்தார்கள். பெயர்க்கல் இல்லை. அச்சபையில் ஒரு குடும்பத்தார் மட்டும் இதில் திருப்தியில்லாமல் தங்கள் பங்கைத் திரும்பக் கேட்டார்கள். திருப்பிக் கொடுத்தோம். அது எங்களுக்கு வருத்தமே. அவர்களுக்காகவும் ஜெபிக்கிறோம்.

இப்போது மாலை நேரத்தில் பாரூர் மருந்தகத்தில் விளக்கு எரிகிறது. வயலிலிருந்து நேரே வருகிற பெண்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டுக்குப் பிறகு சம்பளத்துக்கு என்ன செய்வது என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. அதைப் பற்றிப் பேச அடுத்த மாதம் கூடுகிறோம். ஊராரும் இருப்பார்கள். உங்களில் யாராவது வர முடிந்தால், திண்ணையில் உங்களுக்கும் இடம் உண்டு.

ஜெபக் குறிப்புகள்

மாலை மருந்தகத்தில் பணிசெய்யும் நர்ஸுக்காகவும், இரவில் அவர் திரும்பும் வழிக்காகவும் ஜெபியுங்கள்.

தொழிலாளர் குடியிருப்புகளில் காசநோய்க்கு மருந்து எடுக்கும் வெளிமாநில சகோதரருக்காக ஜெபியுங்கள்.

எங்களுக்குத் தாழ்மையான மனம் வேண்டும் என்றும், உண்மையைப் பயமின்றிச் சொல்லும் தைரியம் வேண்டும் என்றும் ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.

ஆண்டவருடைய பணியில்,
உங்கள் உடன் ஊழியர்